புகைக்கூடத்தில் ஓர் ஆய்வகம்

ஜப்பானியர்கள் வந்த பிறகு பேராக்கில் சூரியன் எட்டு மணிக்கு மேல்தான் உதித்தது. மலாயா முழுவதும் கடிகாரங்களைத் தோக்கியோ நேரத்துக்கு மாற்றிவைக்க வேண்டும் என்பது உத்தரவு. சுங்கை சிப்புட்டுக்கு அருகில் நான் வேலை பார்த்த ரப்பர் தோட்டத்தின் ஆலைச் சுவரில் ஒரு பெரிய கடிகாரம் இருந்தது. நாற்காலி போட்டு ஏறி அதன் முள்ளை ஒன்றரை மணி நேரம் முன்னால் தள்ளியவன் நானே. மறுநாள் அது ஏழு என்று காட்டியபோது வானத்தில் நட்சத்திரங்கள் இருந்தன. உச்சி வெயில் இரண்டு மணிக்கு மேல் வந்தது. சேவல்களுக்கு உத்தரவு போய்ச் சேரவில்லை போலும், அவை பழைய நேரத்துக்கே கூவின. மனிதர்கள் மட்டும் இருட்டில் எழுந்து, பக்கத்தில் நிற்பவர் முகம் தெரியாமல், பெரட்டு எனப்படும் காலை ஆள்கணக்குக்கு வந்து நின்றார்கள். அதற்கு முன்பெல்லாம் ஆலைக் கடிகாரத்தைப் பார்த்து, தேவகோட்டைப் பக்கம் எங்கள் ஊரில் இப்போது என்ன மணி, என் மனைவி விசாலாட்சி எழுந்திருப்பாளா, கிணற்றடியில் இருப்பாளா என்று மனத்துக்குள் கணக்குப் போட்டுக்கொள்வேன். அன்று அந்தக் கணக்கு குழம்பிப்போயிற்று. கடிதமும் நின்றுபோயிருந்தது. கடலுக்கு அந்தப் பக்கம் ஒரு வீடு இருக்கிறது என்பதற்கு என்னிடம் இருந்த கடைசி அத்தாட்சியையும் நானே நாற்காலி மேல் ஏறி அழித்துவிட்டது போலிருந்தது.

நான் இயந்திரவியல் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். இப்போது ஈப்போவில், குனோங் ராபாட்டின் சுண்ணாம்புக் குன்றுகளுக்குக் கீழே உள்ள வரிசை வீடுகளில் ஒன்றில் இருக்கிறேன். சென்ற ஆண்டு பழைய மாணவர்கள் எனக்கு விழா எடுத்து ஒரு மலரும் வெளியிட்டார்கள். அதில், என் ஆராய்ச்சி சென்னைக் கல்லூரி ஆய்வுக்கூடத்தில் தொடங்கியது என்று அச்சிட்டிருக்கிறார்கள். அன்பினால் எழுதியது, ஆனால் தவறு. ஊரில் இருக்கும் உறவினர்களும் அப்படித்தான் நினைக்கிறார்கள். மலாயாவுக்குப் போய்ப் பொருள் சேர்க்கலாம், படிப்புக்குச் சென்னைதான் என்பது அவர்கள் எண்ணம். இங்கே பிறந்த தமிழ்ப் பிள்ளைகளிலும் பலர், தோட்டம் என்றால் வியர்வையும் கொசுவும் மட்டும்தான் என்று நம்பி வளர்ந்துவிட்டார்கள். இரண்டு கரையில் இருப்பவர்களுக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன். என் ஆராய்ச்சி ஒரு ரப்பர்த் தோட்டத்துப் புகைக்கூடத்தில் தொடங்கியது.

எங்கள் குடும்பத்தில் கடல் தாண்டிய ஆண்கள் எல்லோரும் ஈப்போவிலோ பினாங்கிலோ கடை நடத்தப் போனவர்கள். எனக்கு மட்டும் சிறுவயதிலிருந்தே இயந்திரத்தின் மேல் பைத்தியம். சென்னையில் இயந்திரவியல் படித்துவிட்டு, அதே கல்லூரியில் மாணவர்களுக்கு எஞ்சினைப் பிரித்துக் காட்டும் உதவியாளனாக ஒரு வருஷம் வேலை பார்த்தேன். அதற்குள் கல்யாணம் ஆயிற்று. ‘கடைக்குப் போகமாட்டேன் என்கிறாய், கரிக்கையோடு அலைகிறாய்’ என்று என் தந்தை, அப்பச்சிக்கு, என்மேல் வருத்தம். தோட்டங்களுக்கு எஞ்சின் பராமரிக்க ஆள் தேவை என்று விளம்பரம் பார்த்து, மூன்று வருஷத்தில் திரும்பிவிடுவதாக விசாலாட்சியிடம் சொல்லிவிட்டுக் கப்பல் ஏறினேன். எங்கள் சீமையில் எஞ்சின் என்றால் ஆழக் கிணற்றிலிருந்து நீரை மேலே இழுப்பது. பேராக்கில் முதல் வாரமே ஓர் ஈயச் சுரங்கத்தைப் பார்த்தேன். அங்கே எஞ்சின், நிறைந்து வழியும் நீரை வெளியே தள்ளிக்கொண்டிருந்தது. ஒரே இயந்திரம், ஒரு நாட்டில் வறட்சியோடும் இன்னொரு நாட்டில் வெள்ளத்தோடும் மல்லுக்கட்டுகிறது. வேலைக்கு வந்து ஒன்றரை வருஷத்தில் போர் வந்தது. தோட்டத்துத் துரை ஒரே நாளில் காரில் ஏறித் தெற்கே போய்விட்டார். லயங்கள் எனப்படும் தொழிலாளர் வரிசை வீடுகளில் நூறு குடும்பங்களும், ஆலையில் ஓர் எஞ்சினும், அதற்கு நானும் மிஞ்சினோம்.

அந்த எஞ்சினைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஒரே சிலிண்டர், ஆள் உயரத்துக்கு ஒரு கனச்சக்கரம். தலையில் உருண்டையான ஓர் இரும்புக் குமிழ். அந்தக் குமிழ் நன்றாகச் சூடேறியிருந்தால்தான் உள்ளே தெளிக்கப்படும் எண்ணெய் பற்றும். லயங்களுக்குக் குடிநீர் ஏற்றியது அதுதான். நெல்லும் மரவள்ளியும் அரைத்த ஆலையை ஓட்டியதும் அதுதான். டீசல் தீர்ந்துபோனதும் எஞ்சின் நின்றது. பெண்கள் ஆற்றுத் தண்ணீரைச் சுமந்து வந்தார்கள். ஒரே மாதத்தில் லயங்களில் வயிற்றுப்போக்கு பரவி இரண்டு குழந்தைகள் இறந்தன. வாங்குவார் இல்லாமல் ஆலையில் ரப்பர் மலைபோல் குவிந்து கிடந்தது. ரப்பரை மூடிய பாத்திரத்தில் காய்ச்சினால் எண்ணெய் வடியும் என்று கல்லூரியில் எங்கோ படித்தது நினைவுக்கு வந்தது. எவ்வளவு சூடு, எவ்வளவு நேரம் என்பதெல்லாம் அந்தப் புத்தகத்தில் இல்லை.

ஒரு டிரம்மில் ரப்பரைத் திணித்து, மூடியிலிருந்து ஒரு குழாயைத் தண்ணீர்த் தொட்டி வழியாக இறக்கி, கீழே தீயை முழுவீச்சில் போட்டேன். கறுப்பாக, மூக்கைத் துளைக்கும் வாடையோடு எண்ணெய் வந்தது. எஞ்சினில் ஊற்றினேன். இருபது நிமிஷம் ஓடியது. லயத்திலிருந்து எல்லோரும் ஓடிவந்து பார்த்தார்கள். பிறகு இருமிவிட்டு நின்றது. பிரித்துப் பார்த்தால் எண்ணெய் தெளிக்கும் மூக்கு அடைத்திருந்தது. பிஸ்டன் வளையங்கள் பலாப்பிசினில் மாட்டிய ஈ போல ஒட்டிக் கிடந்தன. மூன்று முறை முயன்றேன், மூன்று முறையும் அதே கதை.

மூன்றாம் முறை நான் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தபோதுதான் அங்கம்மா பேசினார். அவர் பக்கத்துப் புகைக்கூடத்தில் ரப்பர் சீட்டு, அதாவது உறையவைத்துத் தகடாக்கிய ரப்பரை, புகையில் காயவைப்பவர். என் வயதுதான் இருக்கும். தோட்டத்திலேயே பிறந்தவர். கணவர் காளியப்பனை ஜப்பானியர்கள், சயாமில், இன்றைய தாய்லாந்தில், ரயில் பாதை போட மூன்று மாத வேலை என்று சொல்லி முதல் கூட்டத்தோடு கொண்டுபோயிருந்தார்கள். அப்போது ஏழு மாதம் ஆகியிருந்தது.

“ஐயா, நீங்க தீயப் போட்டு இப்படி வெரட்டுனா எப்படிங்க? சீட்டுக்கே அவசரத் தீ ஆவாது. மேல காஞ்சிரும், உள்ள பச்சையா நிக்கும். அப்புறம் கொப்புளம்தான்.”

“இது சீட்டு இல்ல அங்கம்மா. இது வேற சமாசாரம்.”

“ரப்பர்தானுங்களே?”

சென்னையில் நான் படித்த வெப்பவியல் முழுவதும் அந்த ஒரு கேள்விக்கு முன்னால் வாயை மூடிக்கொண்டது. மறுநாள் தீயை அவரிடம் விட்டேன். பச்சை ரப்பர்க் கட்டை எங்கே, காய்ந்த கட்டை எங்கே, எப்போது சாம்பலை இழுத்து மூடுவது, எப்போது காற்றுக் கண்ணைத் திறப்பது என்று அவர் செய்ததையெல்லாம் பக்கத்தில் நின்று எழுதிக்கொண்டேன். எழுதத் தாள் ஏது? துரை விட்டுப்போன பெரட்டுத் தாள்களின் பின்பக்கம்தான் என் ஆராய்ச்சி ஏடு. அன்று வந்த எண்ணெய் கறுப்பாக இல்லை, தேன் நிறத்தில் இருந்தது. எஞ்சின் இரண்டு மணி நேரம் ஓடியது. அன்றுவரை அவரை ‘நீ’ என்று பேசிவந்தவன் நான். தோட்டத்தில் ஆலை உத்தியோகஸ்தர்கள் அப்படித்தான் பேசினார்கள். அதற்குப் பிறகு எனக்கு அந்தச் சொல் வாயில் வரவில்லை.

ஆனால் ஒரு நாள் வந்த எண்ணெய் மறுநாள் வரவில்லை. சூட்டை அளக்காமல் ஒரு வேலையைத் திரும்பச் செய்ய முடியாது. ஆலையில் இருந்த வெப்பமானியோ ரப்பர்ப் பால் உறைய வைக்கும் குறைந்த சூட்டுக்கானது. சைக்கிளை எடுத்துக்கொண்டு ஈப்போவுக்குப் போனேன். டயருக்குப் பதில் ரப்பர்த் தண்ணீர்க் குழாயை வெட்டிச் சுற்றியிருந்ததால் வழியெல்லாம் பல் ஆடியது. அங்கே லியோங் என்ற சீனர் இரும்புப் பட்டறை வைத்திருந்தார். தோட்டங்களில் எஞ்சின் பொருத்தித் திரிந்தவர். மலாயும் தமிழும் கலந்து ஒரு மொழி பேசுவார், அது எல்லோருக்கும் புரியும். வெப்பமானி கிடைக்குமா என்று கேட்டேன். அவர் சிரித்தார்.

“அண்ணே, ஈப்போல நின்னுக்கிட்டு சூடு அளக்க சாமான் இல்லன்னு சொல்றீங்க. தீமா இருக்கு லா!”

தீமா என்றால் மலாயில் வெள்ளீயம்; ‘லா’ என்பது இங்கே எல்லோர் பேச்சின் வாலிலும் ஒட்டிக்கொள்ளும் ஓர் அசை. இந்தப் பள்ளத்தாக்கே அதன் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது. வெள்ளீயம் ஒரு குறிப்பிட்ட சூட்டில் உருகும். காரீயம் அதைவிட மேலான சூட்டில் உருகும். துத்தநாகம் இன்னும் மேலே. லியோங் டிரம்மின் மூடியில் மூன்று சிறிய இரும்புக் கிண்ணங்களைப் பற்றவைத்தார். ஒவ்வொன்றிலும் ஓர் உலோகத் துண்டு. அதுதான் எங்கள் வெப்பமானி. வெள்ளீயம் உருகும்வரை நடுத்தரத் தீ. அதன்பின் காரீயம் உருகும்வரை, மூன்று மணி நேரம், அங்கம்மாவின் மெல்லிய தீ. அதுவரை சொட்டும் தண்ணீர் போன்ற முதல் சாற்றைத் தனியே ஒதுக்கிவிட வேண்டும். பிசினுக்குக் காரணம் அதுதான் என்று கண்டுபிடித்திருந்தோம். காரீயம் உருகிய பிறகு வருவதே எஞ்சினுக்கான எண்ணெய். துத்தநாகம் பளபளத்து அசையத் தொடங்கினால் உடனே தீயை இழுத்துவிட வேண்டும். எண்ணெயைக் குன்றுகளிலிருந்து வந்த சுண்ணாம்பில் கலக்கித் தெளியவைத்து, புகைக்கூடத்துக் கரியில் வடிகட்டினோம். ரப்பர், ஈயம், சுண்ணாம்பு, கரி, எல்லாமே பேராக் மண் கொடுத்தவை. இரண்டு மாதத்தில் நாற்பது முறைக்கு மேல் காய்ச்சினோம். லயங்களில் மறுபடி குழாயில் தண்ணீர் வந்தது.

அந்தச் சமயத்தில்தான் மொரிட்டா வந்தார். லெப்டினன்ட். ஜப்பானியப் படையின் லாரிப் பட்டறைக்குப் பொறுப்பானவர். ஆள் சேர்க்கும் அதிகாரியோடு ஒரு காலையில் வந்து இறங்கினார். அதிகாரியின் கையில் இருந்த தாளில் சயாமுக்கு முப்பது பெயர்கள். அங்கம்மாவின் தம்பி பெயரும் அதில் இருந்தது. எல்லோரையும் ஆலை முற்றத்தில் வரிசையாக நிறுத்தினார்கள். முதல் கூட்டத்தில் போனவர்களில் அதுவரை ஒருவர்கூடத் திரும்பவில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். யாரும் அழவில்லை. அந்த அமைதியில் எஞ்சின் சத்தம் மட்டும் கேட்டது. மொரிட்டா அதை நோக்கி நடந்தார். எண்ணெயை விரலில் தொட்டு முகர்ந்தார்.

“நீ. என்ன வேலை?” என்று உடைந்த ஆங்கிலத்தில் கேட்டார்.

“சென்னைக் கல்லூரி. எஞ்சின் பற்றி மாணவர்களுக்குக் காட்டுவேன்,” என்றேன்.

“கல்லூரி? கற்பிப்பது?” அவர் நிமிர்ந்தார். “கியோஜு!”

அது ஏதோ குற்றத்தின் பெயர் என்று நினைத்தேன். “இல்லை, இல்லை. நான் கியோஜு இல்லை,” என்று கையை ஆட்டினேன். அவரோ அதைப் பணிவு என்று எடுத்துக்கொண்டு எனக்குத் தலை தாழ்த்தினார். நான் மறுக்க மறுக்க அவர் இன்னும் கொஞ்சம் தாழ்த்தினார். சில வாரங்களுக்குப் பிறகு, ஈப்போவில் ஜப்பானிய மொழி கற்றிருந்த பள்ளி ஆசிரியர் ஒருவர்தான் அந்தச் சொல்லுக்குப் பேராசிரியர் என்று பொருள் சொன்னார். என் வாழ்நாளில் என்னை முதலில் அப்படி அழைத்தவர் ஓர் எதிரிப் படை அதிகாரி, அதுவும் தவறுதலாக. ஆனால் அந்தத் தவறு எனக்குப் பேச ஒரு வாசலைத் திறந்தது. இந்த எண்ணெயைக் காய்ச்ச இந்த முப்பது பேரும் வேண்டும் என்றேன். எட்டுப் பேர் போதும் என்பது எனக்குத் தெரியும். தாள் கேட்டு வாங்கி, மரம் வெட்ட இத்தனை பேர், விறகுக்கு இத்தனை பேர், தீக்கு, வடிகட்ட, சுண்ணாம்பு சுமக்க என்று நேர்த்தியாகக் கோடு போட்டு அட்டவணை எழுதிக் கொடுத்தேன். என் தொழில் வாழ்க்கையில் நான் பொய்யாகத் தயாரித்த ஒரே அறிக்கை அது. அதைவிடக் கவனமாக வேறு எதையும் எழுதியதில்லை.

மொரிட்டா அதை நெடுநேரம் பார்த்தார். பிறகு ஏழு விரல்களைக் காட்டினார். ஏழு நாள் எஞ்சின் நிற்காமல் ஓட வேண்டும். ஓடினால் எண்ணெய் தன் பட்டறைக்கு, ஆட்கள் எனக்கு. நின்றால் முப்பது பேரோடு நானும் லாரியில். இதை அவர் ஆங்கிலம், மலாய், கைச்சாடை மூன்றிலும் சொன்னார். இந்த முறை தவறாகப் புரிந்துகொள்ள எதுவும் இருக்கவில்லை.

எஞ்சின் பக்கத்தில் காவலுக்கு ஒரு சிப்பாய் உட்கார்ந்தான். லியோங் ஈப்போவிலிருந்து வந்து ஆலையிலேயே தங்கிவிட்டார். முதல் மூன்று நாள் ஒரு தும்மல்கூட இல்லை. நான்காம் நாள் காலை பத்து மணிக்கு, தோக்கியோ கணக்கில்தான், கனச்சக்கரத்தின் ஓசை மாறியது. இரண்டு அடிக்கு ஓர் அடி தவறியது. தொட்டியை எட்டிப் பார்த்தேன், எண்ணெய் நிறைந்துதான் இருந்தது. என்ன பிழை என்று எனக்குப் பிடிபடவில்லை. அங்கம்மா உள்ளே வந்தவர் தொட்டியருகே மூக்கைச் சுளித்தார்.

“ஐயா, இது மொத சாறு! யாரோ தகரம் மாத்தி ஊத்திட்டாங்க!”

தொட்டியைக் காலி செய்து நல்ல எண்ணெயை ஊற்றலாம். ஆனால் குழாயில் நிற்கும் கெட்ட எண்ணெய் தீரும்வரை எஞ்சின் சரியாகப் பற்றாது. அதற்குள் குமிழ் ஆறிவிடும். ஆறினால் நின்றுவிடும். குமிழைச் சூடாக்கும் விளக்குக்கு மண்ணெண்ணெய் பார்த்து ஒரு வருஷம் ஆகியிருந்தது; நின்ற எஞ்சினை விறகு மூட்டிச் சூடேற்றித்தான் கிளப்பிவந்தோம், அதற்கு அரை மணி நேரம் பிடிக்கும். நானும் லியோங்கும் தொட்டியைக் கவிழ்த்தோம். சக்கரத்தின் ஆரங்களை ஒவ்வொன்றாக எண்ணிவிடலாம் என்கிற அளவுக்கு அது மெதுவாகிவிட்டது. சிப்பாய் எழுந்து நின்றுவிட்டான்.

“அண்ணே, குமிழ் செத்துப்போகுது லா!” என்று லியோங் கத்தினார்.

அங்கம்மா ஏற்கெனவே புகைக்கூடத்துக்கு ஓடியிருந்தார். ஒரு மண்வெட்டி நிறையச் செந்தணலை அள்ளிக்கொண்டு வந்து, குமிழுக்கு அடியில் நேராகப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் பிடித்திருந்த இடம் இரும்புக் காம்பு. ஈரச் சாக்கைச் சுற்றியிருந்தார், அதிலிருந்து ஆவி எழுந்தது. “நீங்க எண்ணெயப் பாருங்க, இத நான் பாத்துக்கிறேன்,” என்றார். நான் குழாயின் முனையைத் திறந்து கெட்ட எண்ணெயை வடியவிட்டு, தேன் நிறம் தெரிந்ததும் மூடினேன். ஓர் அடி. நீண்ட இடைவெளி. இன்னோர் அடி. பிறகு இரண்டு சேர்ந்து வந்தன. சக்கரத்தின் ஆரங்கள் மறுபடி மங்கிக் கலந்தன.

மொரிட்டா அப்போதுதான் வாசலில் வந்து நின்றிருந்தார். எவ்வளவு நேரமாகப் பார்த்தார் என்று தெரியாது. “பொலே ஜாலான்?” என்று கேட்டார். ஓடுமா என்று பொருள். அங்கம்மா மண்வெட்டியை இறக்காமலே திரும்பினார்.

“ஜாலான்தான்! கண்ணுக்குத் தெரியலையா? ஓடுதுல்ல!”

தமிழில் அவரை அதட்டியது மொரிட்டாவுக்குப் புரிந்ததோ இல்லையோ, இரண்டடி பின்னால் போனார். ஏழாம் நாள் மாலை எஞ்சினை நானே நிறுத்தினேன். மொரிட்டா எண்ணெய் மூக்கைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். சுத்தமாக இருந்தது.

ஆனால் சொன்னபடி முப்பது பேரையும் அவர் விடுவிக்கவில்லை. பட்டியலில் இருபத்திரண்டு பெயர்களைத் தூரிகையால் அடித்துவிட்டு, மீதி எட்டைக் காட்டி, சயாம் என்றார். அந்த எட்டுப் பேரைப் பற்றிச் சொல்லாவிட்டால் நான் இங்கே படும் பெருமை பொய்யாகிவிடும். அவர்கள் மறுநாள் லாரியில் ஏறினார்கள். போர் முடிந்து இரண்டு பேர் திரும்பினார்கள். மீதி இருபத்திரண்டு பேரும், அங்கம்மாவின் தம்பியும் அவர்களில் ஒருவர், தோட்டத்தில் இருந்து பிள்ளை பெற்றுப் பேரன் பேத்தி எடுத்தார்கள். நாங்கள் காய்ச்சிய எண்ணெய் எதிரியின் லாரிகளை ஓட்டியது என்பதும் உண்மை. பிரிட்டிஷார் திரும்பி வந்தபின் அதற்காக என்னைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். அந்த இருபத்திரண்டு பேரும் விசாரணை அறைக்கு வெளியே வந்து வரிசையாக உட்கார்ந்துகொண்டார்கள். விசாரித்த அதிகாரி ஜன்னல் வழியே அவர்களைப் பார்த்துவிட்டு, என்னைப் போகச் சொன்னார்.

முதல் கப்பலில் ஊருக்குப் போனேன். கூடத்தில் நின்ற விசாலாட்சிக்கு என்னை அடையாளம் தெரியச் சிறிது நேரம் பிடித்தது. “வந்துட்டேன் லா,” என்றேன். அவள் அழுதுகொண்டே, “அதென்ன லா?” என்று கேட்டாள். மூன்று வருஷம் என்று சொல்லிவிட்டுப் போனவன் ஆறாம் வருஷம் இன்னொரு நாட்டின் ஒலியை நாக்கில் ஒட்டிக்கொண்டு வந்திருந்தேன்.

சென்னையில் என் பழைய கல்லூரி, பெரட்டுத் தாள்களில் இருந்த குறிப்புகளைக் கொண்டு ஆராய்ச்சிப் பட்டத்துக்கு ஏடு எழுத அனுமதி கொடுத்தது. அவர்களுடைய நல்ல வெப்பமானிகளை வைத்து அதே சோதனைகளைத் திரும்பச் செய்தேன். எங்கள் மூன்று கிண்ணங்கள் சொன்னது அநேகமாகச் சரியாகவே இருந்தது. வாய்மொழித் தேர்வில் தேர்வாளர் நன்றியுரைப் பக்கத்தில் விரலை வைத்தார். அங்கே, ‘இந்த ஆய்வின் வெப்பக் கட்டுப்பாட்டு முறையைக் கண்டறிந்தவர் அங்கம்மா, சுங்கை சிப்புட், பேராக், வெப்பம் அளக்கும் அமைப்பைச் செய்தவர் லியோங், ஈப்போ’ என்று எழுதியிருந்தேன்.

“இந்த அம்மாள் என்ன படித்திருக்கிறார்?”

“பள்ளிக்கூடம் போனதில்லை. தோட்டத் தொழிலாளி.”

“அப்படியானால் இதை எடுத்துவிடுவது உங்களுக்கு நல்லது. கூலியாள் கண்டுபிடித்தார் என்றால் ஆய்வின் மதிப்பு குறையும்.”

“எடுத்தால் ஆய்வே இல்லை, ஐயா. நான் போட்ட தீயில் மூன்று முறை எஞ்சின் நின்றது. அதுவும் ஏட்டில் இருக்கிறது. நாலாம் அத்தியாயம்,” என்றேன். அவர் நாலாம் அத்தியாயத்தைப் புரட்டி அங்கேயே உட்கார்ந்து படித்தார். பெயர்கள் அப்படியே நின்றன. பட்டமும் கிடைத்தது.

அந்தப் பட்டம்தான் என்னை விசாலாட்சியோடு மலாயாவுக்குத் திரும்பக் கொண்டுவந்தது. முதலில் கோலாலம்பூரில் விரிவுரையாளர், பிறகு பேராசிரியர். டீசல் அல்லாத எண்ணெய்களில் எஞ்சின் எப்படி ஓடும், பிசின் எங்கே பிடிக்கும், ஏன் பிடிக்கும் என்பதே என் வாழ்நாள் வேலையாக இருந்தது. பாமாயிலில் எஞ்சின் ஓட்டலாம் என்று இப்போது பெரிதாகப் பேசுகிறார்கள். அந்த ஆய்வுகளை நடத்துபவர்களில் மூன்று பேர் என் மாணவர்கள். அவர்களில் ஒரு பெண், சுங்கை சிப்புட் தோட்டத்து லயத்தில் வளர்ந்தவர். ஒவ்வொரு புதிய வகுப்பிலும் முதல் நாள் மூன்று உலோகத் துண்டுகளை மேசையில் வைத்து, வெப்பமானி இல்லாமல் சூட்டை அளந்து காட்டுங்கள் என்று கேட்பேன். சீனப் பிள்ளைகள், மலாய்ப் பிள்ளைகள், தமிழ்ப் பிள்ளைகள் எல்லோரும் அதைத் தலை சொறிந்து கண்டுபிடிக்கும்போது எனக்கு ஏற்படும் பெருமையை எந்த விருதும் கொடுத்ததில்லை.

ஆனால் இன்றும் நான் அடிக்கடி நினைத்துக்கொள்வது, பட்டம் வாங்கித் திரும்பிய அந்த முதல் மாதத்தில் நடந்த ஒன்றைத்தான். ஏட்டுக்கு இரண்டு பிரதிகள். ஒன்று சென்னை நூலகத்தில் இருக்கிறது. மற்றதை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போனேன். புகைக்கூடத்தில் மறுபடி சீட்டு காய்ந்துகொண்டிருந்தது. காளியப்பன் சயாமிலேயே இறந்துபோனார் என்ற செய்தி, திரும்பி வந்த ஒருவர் வாய்வழியாக, இரண்டு வருஷம் கழித்துத்தான் அங்கம்மாவுக்கு வந்திருந்தது. நான் நன்றியுரைப் பக்கத்தைத் திறந்து, அவர் விரலைப் பிடிக்காமல், எந்த இடம் என்று மட்டும் காட்டினேன். அவர் முந்தானையில் கையை நன்றாகத் துடைத்துவிட்டு அந்தச் சொல்லைத் தொட்டார்.

“இதா என் பேரு?”

“இதுதான்.”

“பக்கத்துல என்னங்க எழுதியிருக்கு?”

“உங்க ஊரு. சுங்கை சிப்புட், பேராக்.”

அவர் விரலை அந்த ஊர்ப் பெயருக்கு நகர்த்தினார். பிறகு, “எங்கப்பா ஊரு ராசிபுரம் பக்கங்க. அதையும் சேத்து எழுதுவீங்களா?” என்றார்.

“நீங்க அங்க போயிருக்கீங்களா?”

“இல்லீங்க. போவவும் மாட்டேன். இங்கதானே எல்லாம் இருக்கு. ஆனா எங்க வீட்டுக்காரரு லாரி ஏறுனப்போ, எழுதுனவன் ஊரக் கேக்கவே இல்லீங்க. நம்பரு மட்டும் போட்டுக்கிட்டான். அதனாலதானே அவரு செத்தத யாருக்குச் சொல்லணும்னு அங்க ஒருத்தனுக்கும் தெரியல. எனக்காவது ரெண்டு ஊரும் இருக்கட்டும்.”

பேனாவை எடுத்து, அச்சிட்ட வரிக்கு மேல் சின்ன எழுத்தில் ‘இராசிபுரம், சேலம் ஜில்லா’ என்று எழுதினேன். மை காயும்வரை அவர் அந்தப் பக்கத்தை மூடவிடவில்லை.

சென்னை நூலகத்தில் இருக்கும் பிரதியில் அவர் இன்றும் பேராக்காரர். இங்கே குனோங் ராபாட்டில், என் அலமாரியில் இருக்கும் பிரதியில், ஒருநாளும் பார்த்திராத சேலத்து ஊர் ஒன்று அவருக்குச் சொந்தமாக இருக்கிறது. அன்று தோட்டத்திலிருந்து புறப்படுவதற்கு முன், முதல் பக்கத்தைப் புரட்டி என் பெயரைப் பார்த்தேன். அதன் பக்கத்தில் ஊர் எதுவும் போட்டிருக்கவில்லை. பேனா திறந்தே இருந்தது. எந்த ஊரை முதலில் எழுதுவது என்று யோசித்தபடி நின்றேன். பிறகு பேனாவை மூடிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். அந்த இடம் இன்னும் வெறுமையாகத்தான் இருக்கிறது.